சிம்பிளா ஒரு சர்ப்ரைஸ்

போன வாரம் ஒருநாள் காலையில் காலிங் பெல். கதவைத் திறந்தால், பசுவந்தனையிலிருந்து என் நண்பர் தங்கராசு. பக்கத்தில் பட்டுச்சேலையில் அவர் மனைவி செல்வி. கையில் வெற்றிலைபாக்குத் தட்டு, குங்குமச்சிமிழ்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு சர்ப்ரைஸ் பார்ட்டி வச்சிருக்காவ அண்ணாச்சி. குடும்பத்தோட வந்துருங்க" என்றார் செல்வி.

எனக்குத் தலை சுற்றியது. யோசனை கொடுத்த புண்ணியவானே நான்தான்!

தங்கராசு கல்யாண நாளை வருஷம் தவறாமல் மறப்பவர். "இருவத்தஞ்சாவதையும் மறந்தீங்கன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்று செல்வி சொல்லிவிட்டார். ஆள் ஆடிப்போய் என்னிடம் வந்தார். "சிம்பிளா ஒரு சர்ப்ரைஸ் குடுங்க" என்றேன்.

சிம்பிள் — சின்னதாக. சர்ப்ரைஸ் — தெரியாமல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதோடு சரி... வேறு ஒட்டு உறவு கிடையாது.

செல்வி என் மனைவியைத் தேடி உள்ளே போனதும் தங்கராசுவைப் பிடித்தேன். "என்னய்யா இது? சர்ப்ரைஸே அவங்களுக்குத்தானே?"

"நான் மட்டும் போய்க் கூப்பிட்டா எவன் வருவான் அண்ணாச்சி? 'வீட்ல சண்டையா'ன்னு கேப்பாவ. ஜோடியாத்தான அழைக்கணும்!"

நியாயம்தானே? எங்கள் கரிசல் பக்கம் ஜோடியாக வந்து அழைக்காத வீட்டில் எந்தச் சொந்தக்காரர் கை நனைப்பார்?

"சரி... சிம்பிள்?"

"சிம்பிள்தான். தெருவுக்கு ஒரே ஒரு பிளக்ஸ்!"

ஞாயிற்றுக்கிழமை போனேன். பந்தல், மைக் செட், கிடாக்கறி, தட்டுத்தட்டாகக் கடம்பூர் போளி. செல்வியே பந்தியில் நின்று எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

மைக்கில் தங்கராசு அலறினார். "ஏட்டி செல்வி, சர்ப்ரைஸுக்கு நேரமாச்சு! தெருமுக்கு வரைக்கும் போயிட்டு வா!"

போனார். வந்தார். ஊரே "சர்ப்ரைஸ்" என்று கத்தியது. கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். "கண்ண மூடிட்டீங்கக்கா. இன்னொருக்கா வாங்க."

சிம்பிள் என்றால் ஊருக்கே சோறு. சர்ப்ரைஸ் என்றால் ஊருக்கே தெரியும். எந்த டிக்‌ஷனரியிலும் சேராத இரண்டு சொற்கள், பசுவந்தனையில் சம்பந்தி ஆகிவிட்டன.

இரண்டாவது தடவை வந்தபோது செல்வி நிஜமாகவே அழுதார்.

"எல்லாம் தெரிஞ்சதுதானேம்மா, எதுக்கு அழுகை?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதோரம் சொன்னார்.

"அவியகிட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. கல்யாண நாளுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. இவ்வளவு வெள்ளனமே ஞாபகம் வரும்னு நான் எதிர்பார்க்கவே இல்ல!"