பார்க்காததற்குப் பூஜ்யம்

எண்பதுகளின் பிற்பகுதி. மதுரையில் ஒரு குழந்தைகள் வார்டில் மேல்படிப்பு மாணவியாக இருந்தேன். எங்கள் தலைமை டாக்டர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஓர் அட்டவணை கொண்டுவந்திருந்தார். நுரையீரல், இதயம், சிறுநீரகம், ஈரல், மூளை ஒவ்வொன்றும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மார்க் போட வேண்டும். மார்க் ஏற ஏற ஆபத்து அதிகம். கூடுதல் மார்க் வாங்கும் குழந்தைக்குத்தான் தீவிர சிகிச்சை அறையில் கட்டில்.

ஒரு மத்தியானம் வாடிப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வயிற்றுப்போக்கில் துவண்டுபோன மகள் தோளில் கிடந்தாள்.

“காலையில இருந்து புள்ள ஒண்ணுக்கே போகல டாக்டரம்மா. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குது.”

கைகால் சில்லிட்டிருந்தது. நாடி விரலுக்குச் சிக்கவில்லை. சலைன் ஏற்றிவிட்டு ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பரிசோதனைக்கான ரசாயன மருந்து தீர்ந்துவிட்டதென்று லேபிலிருந்து அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தலைமை டாக்டர் அட்டவணையில் வெறுமையாக இருந்த கட்டங்களில் எல்லாம் பூஜ்யம் போட்டுக் கூட்டினார்.

“மார்க் கம்மிம்மா. வார்டுலயே வச்சுப் பாரு.”

“டெஸ்ட்டே பண்ணல சார். பண்ணாததுக்கு எப்படிப் பூஜ்யம்?”

“பாக்கலைன்னா நார்மல்னு வச்சுக்கச் சொல்லி அதுலயே போட்டிருக்கு.”

எல்லா வசதியும் உள்ள ஊரில் எழுதிய விதி அது. அங்கே ஒரு பரிசோதனை செய்யவில்லை என்றால், தேவைப்படவில்லை என்று பொருள். இங்கே மருந்து வாங்கி வைக்கவில்லை என்று பொருள். எங்கள் ஆஸ்பத்திரியின் இல்லாமையெல்லாம் அந்தப் பிள்ளையின் ஆரோக்கியமாகிவிட்டது!

“நானே தூக்கிட்டுப் போறேன் சார். என்ன நடவடிக்கைன்னாலும் எடுத்துக்கங்க.”

பிள்ளையை அள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சை அறைக்கு நடந்தேன். தாய் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்தாள். அவர் தடுக்கவில்லை, முகம் மட்டும் சிவந்துபோனது.

மறுநாள் பிள்ளை கண் திறந்தது. நனைந்த சேலையைக் காட்டி அந்தப் பெண் சிரித்தாள்: “எம் மடியிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு டாக்டரம்மா!”

பிறகு நடந்த மருத்துவக் கூட்டத்தில் தலைமை டாக்டர் அந்தப் பிள்ளையைப் பற்றி வாசித்தார். குறைந்த மார்க், நல்ல முடிவு; தீவிர சிகிச்சை அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே அட்டவணை நம் ஊருக்கும் பொருந்துகிறதாம். கைதட்டினார்கள்.

எழுந்து நின்றேன். “வார்டுல விட்டிருந்தா செத்திருக்கும் சார்.”

“உட்காரும்மா.”

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்த குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அட்டவணை தவறாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அந்தக் கைதட்டலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.