தொட்டுப் பார்க்காத நூல்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதிக்கு மேஸ்திரியாக இருந்தேன். நூலை விரலில் உருட்டிப் பார்த்தே எவ்வளவு மெல்லிசு, எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கேட்டில் சோதனை போட்டபோது, என் பகுதியில் வேலை செய்த ஒரு பெண்ணின் சாப்பாட்டுத் தூக்குப்போசி வைத்திருந்த பைக்குள் நூல் உருண்டை ஒன்று சிக்கியது. மில் நூலை எடுத்துப்போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவளோ கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள்.

"மளிகைக்கடைப் பொட்டலத்துல கட்டி வர்ற நூலுங்க. சேத்து வெச்சு, சாப்பாட்டு நேரத்துல படம் தைக்கிறனுங்க" என்றாள்.

பொட்டல நூலில் படமா என்று நான் காதிலேயே வாங்கவில்லை. ரிப்போர்ட் எழுதிவிட்டு, காலையில் ஆபீசுக்கு வரச் சொன்னேன்.

மறுநாள் அவள் அழுதுகொண்டு வரவில்லை. பாய் போலச் சுருட்டிய ஒன்றை என் மேசையில் விரித்தாள். பொட்டலக் காகிதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே பஸ் டிக்கெட்டும் தீப்பெட்டிப் படமும் வைத்து நூலால் தைத்திருந்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்த பிறகுதான் புரிந்தது, அது எங்கள் ரீலிங் பகுதி. டிக்கெட்டுகள் மெஷின்களாக வரிசையில் நின்றன. ஓரத்தில் பழுப்புக் காகிதத்தில் ஒரு ஆள், இரண்டு விரல்களுக்கு நடுவே நூலைப் பிடித்தபடி. அது நான்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, எந்த நூலையும் தொட்டுப் பாத்துத்தான சொல்லுவீங்க. நேத்து மட்டும் ஏனுங்க தொடலை?" என்றாள்.

மேசையில் இருந்த அந்த உருண்டையை எடுத்துத் தொட்டேன். முரட்டு நூல். எங்கள் மில்லில் அந்த ரகம் ஓடவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ரிப்போர்ட்டை நானே கிழித்துப்போட்டேன். அன்று மாலை அதே கேட்டில், எல்லோர் முன்னிலையிலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு, சந்தனம் குங்குமம் வைத்த மெஷின்களுக்கு மேலே அந்தப் படத்தை மாட்டினோம். முதலாளி அதன் முன் நின்றவர் நகரவே இல்லை. யார் செய்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ரீலிங் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"நானுங்க" என்றாள், தலை குனியாமல். நானே செய்ததுபோல எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எத்தனையோ நூலைத் தொட்டுச் சரியாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வது, தொடாமலே தப்பாகச் சொன்ன அந்த ஒரு உருண்டையைப் பற்றித்தான்.