வெடிமருந்தைத் தின்ற மண்

காலை ஏழரை மணிக்குத் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினேன். சாரல். நடைமேடையில் குடை விரித்தவள் நான் ஒருத்திதான்.

"ஏட்டி, குடைய மடக்கு. எல்லாரும் ஒன்னப் பாத்துச் சிரிக்காவ" என்று சொல்லிக்கொண்டே ஜெயராணி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நானும் அவளும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் சென்னையில் வங்கி வேலைக்குப் போனேன். அவள் நுண்ணுயிரியல் படித்து, இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறாள். "குற்றாலத்துல தண்ணி விழுது, வா" என்று தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒரு பரிசோதனை முடிவு வர வேண்டும். தனியாகக் காத்திருக்க அவளால் முடியவில்லை.

ஆட்டோக்காரர் இசக்கி எங்களைக் குத்துக்கல்வலசைப் பக்கம் அழைத்துப் போனார். புது வீடுகளும் விற்பனைக்கான மனைக் கற்களும் முடிகிற இடத்தில் ஒரு கைவிட்ட கல்குவாரி இருந்தது. அதன் சரிவில் பேச்சியம்மாளின் ஒரு ஏக்கர் நிலம். குவாரி ஓடிய காலத்தில், கெட்டுப்போன வெடிமருந்தை மேட்டிலிருந்த ஒரு கொட்டகையில் பிரித்து, கழுவிய தண்ணீரை அப்படியே மண்ணில் விட்டிருக்கிறார்கள். அது மெல்ல இறங்கிப் பேச்சியம்மாளின் கிணற்றுக்கு வந்துவிட்டது.

"ரோஸ் பால் மாரி இருந்துச்சு தண்ணி. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. வெங்காயம் போட்டேன், கருகிப் போச்சு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிட்டு" என்றார் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கேரளத்தில் வேலை பார்க்கும் மகன், நிலத்தை மனைபோட விற்றுவிடலாம் என்கிறானாம். "இந்தத் தடவயும் தண்ணி தேறலேன்னா வித்துருதேன்னு அவன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்று சிரித்தபடியே சொன்னார். ஜெயராணி சிரிக்கவில்லை.

நிலத்தின் ஓரத்தில் தார்ப்பாய் மூடிய நீளமான மண் குவியல்கள் இருந்தன. ஜெயராணி என்னிடம் கையுறையைக் கொடுத்து, "உள்ள விட்டுப் பாரு" என்றாள். விட்டேன். சாரலில் விறைத்திருந்த விரல்களுக்கு, வடித்த சோற்றுக்குள் கை விட்டதுபோல் இதமாக இருந்தது.

"இவ்வளவு சூடா இருக்கே?"

"சாப்பிடுதாங்கல்லா, சூடு இருக்கத்தான் செய்யும்."

சாப்பிடுகிறவை பாக்டீரியாக்கள். வெளியிலிருந்து எதையும் அவள் கொண்டுவரவில்லை. இவ்வளவு விஷத்திலும் சாகாமல் கிடந்தவற்றை இந்த மண்ணிலேயே தேடிப் பிடித்து, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கி, மறுபடி இங்கேயே விட்டாள். நைட்ரஜனுக்காக அவை வெடிமருந்தை உடைக்கின்றன. ஆனால் அதற்குத் தெம்பு வேண்டும். அதனால் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, வைக்கோல், சாணம் எல்லாம் கலந்து போடுகிறாள். அதே மண் நிரப்பிய தொட்டிகள் வழியே கிணற்றுத் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக இறங்கி, மறுபடி கிணற்றுக்கே போகிறது. கடைசித் தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது.

"அப்புறம் என்ன, சுத்தமாயிட்டதே?" என்றேன்.

"முன்னால ரெண்டு தடவயும் இப்பிடித்தான் தெளிஞ்சு நின்னுச்சு. அனுப்பி வச்ச ஆய்வுக்கூடத்துல போயி மாட்டிக்கிட்டு. இந்தத் தடவ முடிவு இன்னைக்குத்தான் வரும்" என்றாள்.

பதினோரு மணிக்கு அவள் நகம் கடிக்கத் தொடங்கினாள். பேச்சியம்மாள்தான் எழுந்து, "யம்மா, இங்கன உக்காந்து போனையே பாத்தா அது அடிக்குமா? வாங்க, குளிச்சிட்டு வருவோம்" என்றார். மூவரும் ஆட்டோவில் ஏறினோம். ஐந்தருவி வரைக்கும் நூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் மங்குஸ்தான், ரம்புட்டான் கடைகள். தலையில் எண்ணெய் வழிய நடந்துபோகும் கூட்டம். கடை வாசல்களில் வாழைக்காய் பஜ்ஜி.

போனை அருவிக்குள் கொண்டுபோக முடியாது. ஜெயராணி அதை மனசில்லாமல் இசக்கியிடம் கொடுத்தாள். "வந்தா எடுத்துப் பேசிருங்க அண்ணாச்சி. என்ன சொன்னாலும் அப்படியே சொல்லுங்க."

பெண்கள் பக்கம் சரியான நெரிசல். வரிசையில் நகர்ந்து நகர்ந்து, தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்தோம். அருவி முதுகில் தொம்தொம்மென்று அடித்தது. ஜெயராணி அந்த இரைச்சலுக்குள் ஏதோ கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை. பிரார்த்தனையாக இருக்கலாம்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இசக்கியால் பெண்கள் பக்கம் வர முடியாது. வெளியே நின்று கத்தியிருக்கிறார். கம்பிக்கு அருகில் நின்ற பெண் அதை அடுத்தவளிடம் சொல்ல, அவள் அடுத்தவளிடம் சொல்ல, சேதி ஈரத்தலைகளைத் தாண்டித் தாண்டி வந்து சேர்ந்தது. கடைசியாக மஞ்சள் நைட்டி போட்ட ஓர் அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"இங்கன ஜெயராணி யாருட்டி? நீ பாஸாயிட்டியாம்!"

ஜெயராணி முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தாள்.

"எந்தப் பரீட்ச?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

பேச்சியம்மாளுக்கு விளங்கிவிட்டது. "அவ இல்லட்டி! என் கெணறு! என் கெணறு பாஸாயிட்டு!" என்று கத்தி, ஜெயராணியை இழுத்து அருவிக்கு நடுவிலேயே அணைத்துக்கொண்டார். என்ன ஏதென்று தெரியாத பெண்களெல்லாம் குலவையிட்டார்கள். இருவரும் அழுதார்களா என்று கேட்டால், அங்கே யார் முகத்தில்தான் தண்ணீர் இல்லை?

பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி நிலத்தில் இருந்தோம். ஜெயராணி ஆசிரியையாக மாறிவிட்டாள். "பயிருக்குப் பாய்ச்சலாம். குடிக்கக் கூடாது. ஒரு மழைக்காலம் போகட்டும், திரும்ப சோதிச்சுட்டுச் சொல்லுதேன்."

"சரிம்மா, சரிம்மா" என்று பேச்சியம்மாள் மோட்டாரைப் போட்டார். அது இரண்டு முறை இருமி, மூன்றாவதில் பிடித்தது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு ஓடியது. அவர் முன்னால் நடந்து காலால் மடை திருப்பினார். பிறகு மகனுக்குப் போன் போட்டு, "ஏலே, மனையுமில்ல ஒண்ணுமில்ல. வெங்காயம் போடப் போறேன். விதை வாங்க வாரியா, நான் போவட்டா?" என்றார். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, முகம் மலர்ந்து, "ஞாயித்துக்கிழம வாரானாம்" என்று எங்களிடம் சொன்னார்.

மாலை ரயிலுக்கு என்னை ஏற்றிவிட ஜெயராணி வந்தாள். மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. எனக்கு எங்கள் சென்னை வீடு நினைவுக்கு வந்தது. அந்த அடுக்ககத்துக்குப் பின்னால் எண்ணெய்க் கழிவு ஊறிய ஒரு துண்டு நிலம் இருந்தது. கூட்டம் போட்டு, ஒரே மனதாக முடிவெடுத்து, அதன்மேல் சிமெண்ட் பூசி இப்போது வண்டி நிறுத்துகிறோம். கையை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. மண்ணுக்குச் சோறு போட்டுக் காத்திருக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இதை ஜெயராணியிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். நடைமேடை பெஞ்சில், ஈரப் பின்னல் தோளில் கிடக்க, மங்குஸ்தான் பையை மடியில் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கிப் போயிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ. பழத்தில் பாதியை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு நான் வண்டியில் ஏறினேன். ரயில் நகர்ந்தபோதும் அவளை எழுப்பவில்லை.