தங்கையன் குத்திப் பார்த்த உப்புத் தொட்டி

எங்கள் குடும்பப் பதிவேட்டில் பிறப்பாலும் திருமணத்தாலும் வந்தவர்கள் மட்டுமே இதுவரை இடம்பெற்றிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வெள்ளறடை தங்கையனுக்கு உரியது. அவர் எங்களுக்கு உறவினர் அல்லர். என் தங்கை ஸ்ரீகுமாரி திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறு மருத்துவமனையில் தண்ணீர் அறையைப் பார்த்துக்கொள்பவர்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட தங்கையன் இருபத்திரண்டு ஆண்டுகள் ரப்பர் மரங்களில் பால் வெட்டினார். சரிவுகளில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தபின் மருத்துவமனைக் காவலாளியானார். பிறகு தண்ணீர் அறை அவர் பொறுப்பில் வந்தது. வெட்டும் கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொடாமல் நிற்பதைக் கைதான் அறியும் என்பார். அந்தக் கையோடு, பாக்கு மரத்தைப் பிளந்து சீவிய ஒரு கமுகு வாரியும் சேர்ந்துகொண்டது. தினமும் காலையில் அதைக்கொண்டு உப்புத் தொட்டியை அடிவரை குத்திப் பார்ப்பார்.

அவர் விளக்கியபடி எழுதுகிறேன். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பை ஓர் உருளைக்குள் இருக்கும் கடுகளவு மணிகள் பிடித்துக்கொள்கின்றன. அவை நிரம்பியதும் செறிந்த உப்புநீரால் கழுவினால்தான் மீண்டும் பிடிக்கும். அந்த உப்புநீர் பக்கத்துத் தொட்டியில் ஊறுகிறது. ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய முந்நூற்று அறுபது கிராம் உப்பைக் கரைக்கும். அதற்குமேல் போடுவது கரையாமல் அடியில் தங்கும். அது வீண்தானே என்று ஒருமுறை கேட்டேன்.

"வீணில்ல சாறே," என்றார், தண்ணீரை வெள்ளம் என்றே சொல்லும் தங்கையன். "அது அடியில கெடக்கிய வரைக்கும் வெள்ளத்துக்கு வயிறு நெறஞ்சாச்சுன்னு அர்த்தம். அடி காலியாச்சுன்னா வெள்ளம் பட்டினியாக்கும்."

2023 ஜூன் 14, புதன்கிழமை. காய்ச்சலால் திங்கட்கிழமை முறையைத் தவறவிட்டிருந்த ஸ்ரீகுமாரிக்குக் கால்கள் வீங்கியிருந்தன. படுக்க முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்தாள். காலை ஆறு மணிக்கு அவளை அழைத்துச் சென்றேன். மகள் லேகாவின் பிரசவத்துக்காக மூன்று நாள் விடுப்பில் இருந்த தங்கையனும் அன்றுதான் திரும்பியிருந்தார். தண்ணீர் அறைக் கதவு திறந்தே இருந்ததால் நடந்ததை நான் நேரில் பார்த்தேன்.

தொட்டி விளிம்புவரை உப்பு வெள்ளையாக நிறைந்திருந்தது. தங்கையன் கமுகு வாரியை இறக்கினார். ஒரு சாணில் அது முட்டி நின்றது. ஓங்கிக் குத்தியதும் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. மழை ஈரத்தில் உப்பு இறுகி, நடுவில் பாலமாகக் கட்டியிருந்தது. அதன் கீழே உப்பே இல்லை.

டயாலிசிஸ் பிரிவின் டெக்னீஷியன் ஜோஸ்மி எட்டிப் பார்த்தாள். "தங்கையண்ணே, தொட்டி நெறய உப்பு உண்டே."

"மேல உண்டு மோளே. கீழ இல்ல. யாரையும் மெஷின்ல போடாண்டாம்."

தன் தந்தையோடு வந்திருந்த சிபின் எழுந்துவிட்டான். "எனக்க அப்பன் நாலு மணிக்கே எந்திரிச்சு வந்திருக்காரு. ஒமக்க கம்பு சொல்லுததக் கேட்டா நாங்க திரும்பிப் போணும்?"

"கம்ப நம்பாண்டாம் மக்கா. இதப் பாரு." உருளையைக் கடந்து வந்த நீரில் தங்கையன் சாயத் துளி விட்டார். நீலமாக வேண்டியது சிவந்தது. சுண்ணாம்பு தங்காமல் வந்துகொண்டிருந்தது. அது இரத்தத்தில் ஏறினால் வாந்தியும் கடும் இரத்த அழுத்தமும் வரும் என்று ஜோஸ்மி சொன்னாள். சிபின் உட்கார்ந்தான்.

வெந்நீர் ஊற்றினால் விரைவில் ஆகாதா என்று நான் கேட்டேன்.

"உப்பு சீனி இல்ல சாறே. சூடாக்கினாலும் இம்மிணிதான் கூடுதலா எடுக்கும். மணியும் கெட்டுப் போவும். ஊறுத வரைக்கும் நின்னுதான் ஆகணும்."

"இவளுக்கு அதுவரை தாங்குமா?"

தங்கையன் நேராகப் போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் ஸ்ரீகுமாரிக்கு ஆக்ஸிஜன் வைத்து, பன்னிரண்டு மணிக்குள் தண்ணீர் சரியாகாவிட்டால் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். தங்கையன் பாலத்தை இடித்துக் கீழே தள்ளினார். ஊறுவதற்கு மூன்று மணி நேரமும், மணிகளைக் கழுவி அலச இரண்டு மணி நேரமும் ஆயின. ஸ்ரீகுமாரி முகமூடியை விலக்கி, "அண்ணே, உப்பத் தொடப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாரு. இப்பம் உப்புக்காகக் காத்துக் கெடக்கேன்," என்றாள். அதைச் சொல்லி முடிக்க மூன்றுமுறை மூச்சு வாங்கினாள்.

பதினொன்று நாற்பதுக்குத் துளி நீலமானது. டயாலிசிஸ் முடிந்து மாலையில் அவள் தலையணையில் சாய்ந்து, ஐந்து நாள்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

தங்கையன் உயிரைக் காத்தார் என்றுதான் இங்கே முதலில் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவர் ஒப்பவில்லை.

"அது டாக்டரும் ஜோஸ்மியுமாக்கும். நான் குத்திப் பாத்தேன், அத எழுதுங்க. எனக்குப் பதிலா நின்னவன் பேரு மட்டும் வேண்டாம். எனக்கும் மொத வருசம் இப்பிடிப் பாலம் கெட்டிச்சு. அன்னு துளி விட்டுக் கண்டுபிடிச்சது ஜோஸ்மியாக்கும்."

அவர் சொன்னபடியே திருத்திவிட்டேன். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவு முறைக்கென ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதுவதென்று நான் தயங்கிக்கொண்டிருக்க, ஸ்ரீகுமாரி பேனாவை வாங்கி, "திங்கள், புதன், வெள்ளி" என்று எழுதினாள்.