மிமோசா கட்டடத்தின் ஆறாவது கையெழுத்து

இஸ்தான்புல்லின் எரென்கோய் பகுதியில் எங்கள் மிமோசா கட்டடத்துக்கு இருபத்திரண்டு வருடம் நிர்வாகியாக இருந்தவர் ரிஃப்கி அண்ணன். கீழ்த்தளத்தில் முன்பக்கம் அவருடைய திரைச்சீலைக் கடை, பின்பக்கம் அவர் வீடு. குள்ளமான ஆள். கழுத்தில் அளவு நாடா தொங்காமல் நான் பார்த்ததே இல்லை. தோக்காத் என்ற ஊரிலிருந்து வெறுங்கையோடு வந்து, துணிக்கடைகளில் மூட்டை தூக்கி, தொண்ணூற்றி நாலில் இந்தக் கடையை வாங்கினார். பனி பெய்தால் முதலில் மண்வெட்டி எடுப்பவர் அவர். வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் நின்றால் முதல் திட்டு வாங்குபவரும் அவர்தான். கட்டடக் கூட்டங்களில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே சூரியகாந்தி விதை கொறித்து, எல்லோர் புகாரையும் கேட்டுக்கொள்வார்.

"உங்க ஜன்னல் நேரா இல்ல முவல்லா ஹானிம், கொஞ்சம் கோணல்" என்றார் ஒருமுறை என் வீட்டில் அளவெடுத்தபோது. "குடியிருக்கறவங்களப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்."

முவல்லா நான்தான். பெண்களுக்கு ஹானிம், ஆண்களுக்கு பே, அது எங்கள் ஊர் மரியாதை. மூன்றாவது மாடி, ஆறாம் எண். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். அண்ணன் தம்பியை ஏமாற்றியதும், மகன் அப்பாவை ஏமாற்றியதும் என் மேசை மேல்தான் நடந்தன. ஒருவரை நல்லவர் என்று யாராவது சொன்னால், அவருடைய மைத்துனன் பெயர் என்ன என்று கேட்பேன். ரிஃப்கி அண்ணன் விஷயத்தில் மட்டும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. அதனாலேயே பிறகு கோபம் இரண்டு மடங்காக வந்தது.

தெற்கே நிலநடுக்கத்தில் ஊர் ஊராக இடிந்து விழுந்த அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு, இஸ்தான்புல்லில் யாருக்கும் தன் வீட்டுச் சுவர் மேல் நம்பிக்கை இல்லை. எங்கள் கட்டடத்துக்கு வயது நாற்பத்தாறு. இடித்துக் கட்டுவது என்று முடிவானது. கட்டுபவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தருவான். எவ்வளவு மீதி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு வருடம் ரிஃப்கி அண்ணன் எங்களுக்காகப் பேரம் பேசினார். நூற்றுக்கு ஐம்பத்தைந்து தருகிறேன் என்று வந்தவனைக்கூட, இன்னும் மூன்று கூட்டு என்று திருப்பி அனுப்பினார். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

அக்டோபரில் ஒரு கூட்டம் போட்டார். கூட்டம் வழக்கம்போல அவர் கடையில்தான், துணிச் சுருள்களுக்கு நடுவில். பக்கத்தில் ஒரு புது ஆள், சட்டையின் மேல் பொத்தான் திறந்து, இரண்டு கைபேசியோடு. தோல்கா பே, கட்டுமானக்காரர். நமக்கு நாற்பத்தாறு, அவருக்கு ஐம்பத்துநாலு. நூறு சதுர மீட்டர் வீடு அறுபத்தெட்டாகும். கட்டி முடிக்கும்வரை வெளியே குடியிருக்க வாடகை தருவாரா என்றால், பார்க்கலாம் என்றார்.

"ரிஃப்கி அண்ணே, போன மாசம் வந்தவன் அம்பத்தஞ்சு குடுத்தான், நீங்க அவன அடிக்காத கொறையா வெரட்டுனீங்க" என்றாள் நெர்மின். கடைக்கு நேர் மேல் வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டு கிடையாது. "இப்ப என்ன, எங்க வீட்ட எலிப்பொறி சைசுக்கு வெட்டறதுக்கு நீங்களே கத்திரிக்கோல் குடுக்கறீங்க."

"காலம் மாறிப்போச்சும்மா. இவரு கட்டி முடிப்பாரு. மத்தவங்க பாதியில விட்டுட்டு ஓடிருவாங்க."

"இவரு ஓட மாட்டாருன்னு ஒங்களுக்கு எழுதிக் குடுத்தாரா?"

அண்ணன் கழுத்து நாடாவைச் சுருட்டினார். விதையும் கொறிக்கவில்லை. அது எனக்கு உடனே உறுத்தியது.

பத்து வீடு, ஒரு கடை, ஆகப் பதினொரு சமபங்கு. புதுச் சட்டப்படி ஆறு கையெழுத்து விழுந்தால் மீதி ஐந்து பேர் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. கடைக்கும் வீட்டுக்குமாக அண்ணன் இரண்டு போட்டார். அண்ணன் சொன்னால் சரிதான் என்று மூன்று பேர் போட்டார்கள். ஐந்து. நெர்மினோடு சேர்த்து ஐந்து பேர் மறுத்ததால் மிச்சம் நான் ஒருத்திதான். மறுநாளிலிருந்து எல்லோரும் என் கதவைத் தட்டினார்கள். நெர்மின் போடாதே என்றாள். தோல்கா பே ஒரு பெட்டி பக்லவா இனிப்பு அனுப்பினார், நான் திருப்பி அனுப்பினேன். பத்து வீட்டின் கதி என் பேனா முனையில் நின்றது.

ரிஃப்கி அண்ணனுக்கு ரகசியமாக ஒரு வீடு தருவதாகப் பேசியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய அலுவலகத்தில் இன்னும் என்னை அக்கா என்று கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். தோல்கா இதுவரை கட்டிய ஆறு கட்டடத்தின் பதிவுகளையும் பார்க்கச் சொன்னேன். ரிஃப்கி பெயர் இல்லை. அவர் மனைவி சேவிம் பெயர் இல்லை, சேவிமின் பிறந்த வீட்டுப் பெயரிலும் இல்லை. மருமகன், சம்பந்தி, யார் பெயரிலும் ஒரு குளியலறைகூட இல்லை. இவ்வளவு சுத்தமாக இருந்ததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

ஆனால் வேறொன்று கிடைத்தது. எங்கள் கட்டடம் ஆபத்தானது என்று அறிக்கை கொடுத்த ஆய்வகம் தோல்காவின் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். துளை போட்டுக் கான்கிரீட் எடுக்க வந்தவர்களை நான் படியில் நின்று பார்த்திருக்கிறேன். நிலவறையில் போட்டார்கள், பின்வாசலில் போட்டார்கள். கடைக்குள் மட்டும் காலே வைக்கவில்லை. கட்டடத்தையே தாங்குவது முன்பக்கம். அங்கே துளை போடாமல் என்ன அறிக்கை?

நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எங்கள் கட்டடத்தின் மூல வரைபடத்தை எடுத்தேன். கடையின் நட்டநடுவில் ஒரு பெரிய தூண் இருந்தது. நிஜத்திலும் கடை நடுவில் ஒரு தூண் உண்டு, சுற்றிலும் மாதிரித் துணிகள் தொங்கும். அப்படியானால் எல்லாம் சரிதானே என்று ஏமாற்றத்தோடு வீடு வந்தேன். மனம் அடங்கவில்லை.

மறுநாள் மதியம், சமையலறைக்குத் துணி வேண்டும் என்று கடைக்குப் போனேன். அண்ணன் ஏணியில் ஏறி மேல்தட்டில் தேடிக்கொண்டிருந்தார். நான் தொங்கிய துணிகளை விலக்கி, தூணை விரல் மடக்கித் தட்டினேன். தகர டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. உள்ளே காற்று. ஜிப்சம் அட்டையை நான்கு பக்கமும் நிறுத்திச் சாயம் பூசியிருந்தார்கள்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கினார். சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது.

"எப்ப வெட்டுனீங்க?" என்றேன்.

"தொண்ணூத்தாறுல." கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "முகப்புக் கண்ணாடிய அகலமா போட்டேன். உள்ள வர்றவங்களுக்கு இது மறைச்சுச்சு. கொத்தனாரு வந்து பாத்தான். சும்மா நிக்குது, ஒண்ணும் தாங்கலன்னான். நானும் நம்பிட்டேன்."

"அப்பறம்?"

"தொண்ணூத்தொம்போதுல பூமி ஆடுச்சுல்ல. அன்னிக்குத்தான் புரிஞ்சுது. எல்லாரும் கடை கடையா தூண் இருக்கான்னு பாத்துட்டு வந்தாங்க. ராவோட ராவா அட்டைய நிறுத்திட்டேன்."

"இருவத்தஞ்சு வருஷமா எங்கள அட்டைக்கு மேல தூங்க வச்சிருக்கீங்க."

"அன்னிக்கு எல்லாரும்..." என்று ஏதோ ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாக்குச் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். அவரை அடித்துவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன்.

"தோல்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். மாதிரி வீட்டுக்குத் திரைச்சீல வாங்கறேன்னு வந்தான். பேசிக்கிட்டே இதுல முழங்கைய ஊனுனான். அட்டை உள்ள போயிருச்சு. ஒண்ணுமே சொல்லல, சிரிச்சான். ஆறு கையெழுத்து வாங்கிக் குடுங்க, இடிச்சதுக்கு அப்பறம் எந்தத் தூணு எங்க இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்னான்."

எனக்கு விளங்கிவிட்டது. இவர் எங்கள் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசினார், குடுமி எதிர்ப்பக்கத்து ஆள் கையில் இருந்தது. ஒரு செங்கல்கூட லஞ்சம் வாங்காமல் எங்களை விற்றுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம கூட்டத்துல நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொன்னா உடனே சீல் வெச்சுருவாங்க. எல்லாரும் தெருவுக்கு வந்துருவாங்க முவல்லா ஹானிம்."

"மண்ணுக்குள்ள போறதவிட தெருவே மேல்."

வெள்ளிக்கிழமை தோல்கா பே பேனாவையும் கொண்டுவந்திருந்தார். தேநீர் வந்தது. என் பக்கமாகக் காகிதத்தை நகர்த்தி, "அக்கா, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

நான் ரிஃப்கி அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சொல்லமாட்டார், கடைசி நிமிடத்தில் நழுவிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் எழுந்து போய்த் துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். நெர்மின் பயந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். அவர் மாதிரித் துணிகளைக் கழற்றித் தரையில் போட்டார். கத்திரிக்கோலை அட்டையில் குத்தி, இரண்டு கையாலும் பிய்த்து இழுத்தார். தூசி பறந்தது. உள்ளே கூரையிலிருந்து அறுபட்ட கம்பிகள் நாலைந்து தொங்கின. தரையில் ஒரு முழ உயரத்துக்குக் கான்கிரீட் முண்டம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"நான்தான் வெட்டுனேன்" என்றார். "இவருக்கு இது தெரியும். அதனாலதான் நாப்பத்தாறுக்கு ஒத்துக்கிட்டேன். இனிமே உங்களுக்காக நான் பேசக்கூடாது."

நெர்மின் அந்த ஓட்டைக்கு நேர் மேலே கூரையைப் பார்த்தாள்.

"என் பொண்ணோட கட்டில் அங்கதான் இருக்கு" என்றாள். "பொறந்ததுலேருந்து அங்கதான் தூங்கறா." அப்புறம் அழுதாள். அவள் அழுது நாங்கள் பார்த்ததே இல்லை.

தோல்கா பே காகிதத்தை மடித்துக்கொண்டு வாசலைத் தேடினார். அன்று மாலையே புது நிர்வாகி என்று என் பெயரை எழுதினார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதுதான் காரணம். மறுநாள் காலை நகராட்சிப் பொறியாளர் வந்தார், இரும்பு முட்டுக்கொடுத்தார்கள், மூன்றே நாளில் பத்து வீடும் காலி. பெட்டியும் மெத்தையுமாகத் தெருவில் நின்றோம். ரிஃப்கி அண்ணன் எல்லோருக்கும் சாமான் தூக்கிக் கொடுக்க வந்தார். நான் உட்பட யாரும் அவரைத் தொட விடவில்லை. அவர் மேல் வழக்கு பதிவானது.

நான் மால்தெபெ பகுதியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். ஒரு வாரம் கழித்துச் சேவிம் வந்து, சாவிக்கொத்தையும் ஒரு பை நிறையக் கட்டடத் தீர்மானப் புத்தகங்களையும் கொடுத்துவிட்டுப் போனாள். "நிர்வாகிகிட்ட இருக்கணும்ல, அவரு வெளிய போயிருக்காரு, நானே எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். வழக்குக்கு இன்னும் ஏதாவது கிடைக்கும் என்று நான் ஆசையாகவே புரட்டினேன்.

தொண்ணூற்றி ஆறு, ஏப்ரல். அப்போதைய நிர்வாகியின் கோணல் எழுத்து. கீழ்த்தளக் கடையில் நடுத்தூண் எடுப்பது உள்ளிட்ட உள்வேலைகளுக்கு வீட்டு உரிமையாளர்களுக்கு ஆட்சேபனை இல்லை. பதிலுக்குக் கடை உரிமையாளர் தம் செலவில் கட்டடத்தின் கொதிகலனை மாற்றித் தருவார். கீழே உரிமையாளர்கள் எல்லோருடைய கையெழுத்தும். இரண்டாவது என்னுடையது. சுழித்துப் போடும் அந்த எம் என் கைதான், வேறு யாரும் என் பெயரில் போட்டதல்ல. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று தினமும் நூறு பேருக்குச் சொன்னவள், புதுக் கொதிகலன் வருகிறது என்றதும் படிக்காமல் போட்டிருக்கிறேன். அந்தக் குளிர்காலம் வீடு கதகதப்பாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நெர்மினைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"என்னோடதும் இருக்கா?"

"நாலாவது."

"கிழிச்சுப் போட்டுரு அக்கா" என்றாள். "எல்லாத்தையும் அவரே வெட்டுனதாத்தான் இருக்கட்டுமே. நம்ம பேரும் கேஸ்ல வந்தா புதுக் கட்டடத்துப் பங்கும் இழுபறியாயிரும்."

ஒரே ஒரு பக்கம். புத்தகம் என் கையில், நிர்வாகி நான், என் பெயர் அதில். இரண்டு முறை ஓரத்தைப் பிடித்தும் பார்த்தேன். தோல்காவின் மைத்துனனுடைய ஆய்வகத்தைப் பற்றி நான் ஊர் முழுக்கப் பேசியது காதில் கேட்டது.

மறுநாள் அரசு வழக்கறிஞர் அலுவலகத் தாழ்வாரத்தில் ரிஃப்கி அண்ணன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நாடா இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க முவல்லா ஹானிம்?" என்றார் மெதுவாக. "இது தொலஞ்சு போச்சுன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். நீங்கல்லாம் வீடில்லாம நிக்கறதே போதும். வீட்டுக்குப் போங்க."

இதில் இவருக்கு என்ன லாபம் என்று, பழக்கதோஷம், அப்போதும் ஒரு கணம் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் திறந்து எழுத்தர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை வரிசையாக இறக்கினார்.

"இந்த ரெண்டாவது கையெழுத்து யாரோடது, தெரியுமா?" என்றார்.

என் அடையாள அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன்.