சத்தம் போடாத கார்

காலை பத்தே கால் மணி. கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் என் தங்கை, "மாமா, அடியில யாரோ பல்லக் கடிக்கிறாங்க" என்றாள். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் அம்மாவின் தம்பி. விழுப்புரத்தில் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெருகி நின்ற வெள்ளத்தில் அதை இறக்கி ஏற்றியபோது, கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்தார். எண்ணெய் டீ நிறத்தில் வழிந்தது. உடனே மாற்றாவிட்டால் பேரிங் போய்விடும் என்றார். சவாரி நிறைய இருந்ததால் மாமா தள்ளிப்போட்டார். தை பிறப்பதற்குள் கார் ஊளையிடத் தொடங்கியது. தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருந்து நாங்கள், "மாமா வர்றாரு" என்போம்.

கடைசியில் அதை விற்றுவிட முடிவு செய்தார். திண்டிவனத்தில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். புறப்படுவதற்கு முந்தின மாலை, மாமா வேர்க்கடலை மில்லிலிருந்து மல்லாட்டைத் தோல் தூளைக் கொண்டுவந்தார். அதைச் சலித்து, கெட்டி எண்ணெயில் குழைத்து, கியர் பெட்டிக்குள் ஊற்றினார்.

"இன்னா மாமா அது?"

"இருமல் மருந்துடா. குடிச்சிக்கினு கம்முனு தூங்கும்."

தூங்கியது. ஓட்டிப் பார்த்தபோது ஊளைச் சத்தமே இல்லை. ஒன்பது வயதில் எனக்கு அவரைவிடப் பெரிய வித்தைக்காரர் உலகத்தில் இல்லை.

மறுநாள் எங்கள் இருவருக்கும் பொங்கல் சட்டையைப் போடச் சொல்லி, காரில் ஏற்றிக்கொண்டார். "அவரு கேட்டா, எங்க வீட்டு வண்டி, டெய்லி இதுலதான் ஸ்கூலுக்குப் போறோம்னு சொல்லணும், இன்னா?" வழியெல்லாம் அதைப் பாடம்போல் ஒப்பித்துக்கொண்டே வந்தோம்.

பல்லைக் கடித்த சத்தம் திடீரென்று நின்றது. அடுத்த நொடி அடியில் ஏதோ உடைந்தது. பேரிங்குக்கு எண்ணெய் போகும் வழியைத் தூள் அடைத்துவிட்டதும், உடைந்த துண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டதும் பின்னால் எனக்குத் தெரியவந்தவை. அன்று தெரிந்தது ஒன்றுதான்: பின்சக்கரங்கள் சுழலாமல் இறுகி, கார் சாலையின் குறுக்கே வழுக்கியது. மாமா கிளட்சை மிதித்தார், பயனில்லை. எதிரே வந்த கரும்பு லாரி ஒடித்துத் திரும்பி, அதன் கரும்புத் தோகை எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போனது.

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு வந்த தங்கை கீழே கிடந்தாள். அழவில்லை. கண் திறந்திருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மாமா அவளைத் தூக்கி உலுக்கினார். "கத்து பாப்பா, கத்துமா, நல்லா கத்து!"

கத்தினாள்.

நேற்று என் மகள் ஒரு பழைய காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கொஞ்சம்கூட சத்தமே இல்லப்பா" என்றாள். முதலில் கியர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அன்று எங்கள் காருக்குள் என்ன இருந்தது என்று மாமாவுக்குத் தெரியும். தெரிந்துதான் எங்களையும் அதில் ஏற்றினார் என்பதை இன்றும் என்னால் நிதானமாக நினைக்க முடியவில்லை.

அன்று காரை ஆட்கள் ஓரமாகத் தள்ளிவிட்ட பிறகு, எங்களைக் காணோமே என்று தேடிக்கொண்டு மொபெட்டில் ஒருவர் வந்தார். கார் வாங்க இருந்தவர். முதலில் தங்கையின் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் கைவைத்துப் பேசினார். அதைக் கேட்டதும் மாமா புளியமரத்தடியில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இவ்வளவு நல்ல வார்த்தைக்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் சொன்னது இதுதான்: "பேஜாராவாதீங்க தம்பி. ரிப்பேர் பண்ணிட்டு சொல்லுங்க, நான் வேற வண்டி பாக்கமாட்டேன். சொந்தப் புள்ளைங்கள ஏத்திக்கினு வர்ற வண்டி, அத்தவிட இன்னா கேரண்டி வேணும்? என் சம்சாரத்துக்கு இது ஒம்பதாம் மாசம். இதுலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்."