ஒகேனக்கல் கட்டம்

டிவியில் படம் பார்ப்பது மட்டுமல்ல, விளையாடவும் செய்யலாம் என்று பாப்பிரெட்டிப்பட்டியில் முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை, அதனால் பெருமைக்கே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. சவுதியில் வேலை பார்த்த மச்சான் விடுமுறைக்கு வந்தபோது சேலைத் துணி, செண்டு பாட்டில், டார்ச் லைட் இவற்றோடு ஒரு வெள்ளைப் பெட்டியையும் கொண்டு வந்திருந்தார். சோற்று டப்பா அளவுதான் இருக்கும். அதிலிருந்து இரண்டு ஒயர்கள் நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் பட்டன் வைத்த ஒரு கட்டை. பெட்டியை டிவியோடு சேர்த்துக் கட்டையை அமுக்கினால், திரைக்குள் துப்பாக்கி பிடித்த சிப்பாய் ஒருவன் நம் பேச்சைக் கேட்டு ஓடுவான், குதிப்பான், சுடுவான்.

மச்சான் என்றால் அத்தாவின் தங்கை மகன். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். மச்சானுடைய வீடு பொம்மிடியில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். அங்கே டிவி கிடையாது. மச்சானின் அத்தாவான மாமாவுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஒரு ரேடியோ அப்படித்தான் கிணற்றடி வரைக்கும் பறந்து போய் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் போடும் சாமான் எதையும் யாரும் வாங்கவில்லை. மாமிகூடச் சத்தமில்லாமல்தான் பேசுவார்கள். ஆகவே விளையாட்டுப் பெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கியது. மச்சான் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறி வந்து ஆடிவிட்டுப் போவார்.

அவர் வந்ததும் அக்கா உள் அறைக்குப் போய்விடுவாள். பெரியவளானதிலிருந்து அவள் மச்சான் முன்னால் வந்ததில்லை. போதாக்குறைக்கு அந்த விடுமுறையில் மாமி அவளை மச்சானுக்குப் பெண் கேட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அத்தா மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

"புள்ள வாயால சரின்னு சொல்லணும். அது சொல்லாம நான் பேச்சுக் குடுக்க மாட்டேன்."

புள்ள வாயைத் திறக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அத்தா புளி மண்டியிலிருந்து வரும்போதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், அம்மா உதட்டைப் பிதுக்குவார்கள். இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு இந்தக் கல்யாணப் பேச்சில் அக்கறையே இல்லை. என் கவலையெல்லாம் அந்தச் சிப்பாயைப் பற்றியது.

தனியாக ஆடினால் அது ஒரு நீண்ட பயணம். முதலில் காடு, பிறகு ஒரு குகை, அதைத் தாண்டினால் அருவி. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மெட்டு, தனி எதிரி. எந்தப் பாறைக்குப் பின்னால் எவன் ஒளிந்திருக்கிறான் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டால் போதும், வீட்டுப் பாடத்துக்கு இல்லாத ஞாபகசக்தி அதற்கு மட்டும் எங்கிருந்தோ வரும். ஆனால் சிப்பாய்க்குக் கொடுத்த மூன்று உயிரும் தீர்ந்துவிட்டால் மறுபடி காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர அதில் வழியே இல்லை. கரண்ட் போனாலும் அதே கதிதான். வயல்களில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி, டிவியில் படம் சுருங்கி, சிப்பாய் எறும்பாகிவிடுவான். எறும்பை வைத்துக்கொண்டு எப்படிப் போர் செய்வது?

இரண்டு பேராக ஆடுவதில் வேறு சுகம். கூட ஒருவர் இருக்கும் தைரியத்தில் காட்டையும் குகையையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். வம்பு அருவியில்தான். அந்தக் கட்டத்துக்கு நான் ஒகேனக்கல் என்று பெயர் வைத்திருந்தேன். பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் ஏற ஏற, படமும் அவரோடு மேலே போகும். கீழே பின்தங்கிய ஆள் திரையின் அடியில் மறைந்தால் செத்தான். அதாவது, எதிரி கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கூட வந்தவர் அவசரப்பட்டால் போதும்.

பக்கத்து வீட்டுப் பையன்களோடு ஆடும்போது நான் என்ன செய்வேன் என்று கேட்கிறீர்களா? ஏறுவேன். அவர்களும் என்னை விட்டுவிட்டு ஏறுவார்கள். பிறகு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொள்வோம். ஒகேனக்கலுக்கு மேலே பனிமலை இருக்கிறது என்று பெட்டியின் அட்டைப் படத்தில் போட்டிருந்தது. அந்தப் பனிமலையைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வது என்று நான் சபதமே எடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் நன்றாக ஆடத் தெரிந்தவள் அக்காதான். காலையில் சமையல் வேலை முடிந்து அம்மா குளிக்கப் போனதும் அவள் கட்டையைக் கையில் எடுப்பாள். தாவணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல், பூ கட்டும் வேகத்தில் சுடுவாள். ஒகேனக்கலில் பாதிக்கு மேல் ஏறியவள் அவள் ஒருத்திதான்.

ஆகவே ஒரு யோசனை செய்தேன். மச்சானும் அக்காவும் சேர்ந்து ஆடினால் பனிமலை நிச்சயம். மத்தியானம் மச்சான் வரும்போது நான் உள் அறை வாசலில், மெல்லிய திரைச்சீலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். மடியில் ஒரு தலையணை. கட்டையைத் திரைக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒயர் மெல்ல உள்ளே இழுபட்டது. தலையணைக்கு அடியில் என் வெறுங்கைகள் சும்மா பட்டன் அமுக்கிக்கொண்டிருந்தன. உள் அறை இருட்டு, கூடம் வெளிச்சம். அங்கிருந்து அவளுக்கு டிவி தெரியும், இங்கிருந்து அவளை யாருக்கும் தெரியாது. மச்சானோ டிவியை விட்டுக் கண்ணை எடுக்காத ஆள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"அட, பாப்பா இன்னைக்கி பிரமாதமா சுடுதே!" என்றார் மச்சான்.

"ஆமாங்க மச்சான், பழகிட்டேன்" என்றேன்.

அன்றைக்குக் குகையைத் தாண்டும்போது ஒரு விபரீதம் நடந்தது. நான் இருந்த இடம் வரைக்கும் எட்டிய ஒயர், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனதும் கயிறு மாதிரி விறைத்து நின்றது. அக்கா ஆட்ட வேகத்தில் கையை இழுக்க, பெட்டி ஸ்டூலிலிருந்து கீழே விழுந்து எல்லாம் அணைந்துபோயிற்று. நான் அப்படியே உறைந்துவிட்டேன். மச்சான் ஒயரைப் பார்த்தார். அது போகும் வழியையும், என் மடியில் இருந்த தலையணையையும் பார்த்தார். பெட்டியை எடுத்து மறுபடி ஸ்டூலில் வைத்தார்.

மறுநாள் வந்ததும் இரண்டாவது கட்டையின் ஒயரை நடுவில் வெட்டி, இன்னொரு துண்டு சேர்த்து, கறுப்பு டேப் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஒயரு பத்தல பாப்பா. உனக்குச் செரமமா இருக்குதில்ல?"

எனக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று நான் உருகிப்போனேன்.

அதற்குப் பிறகு தினமும் ஆட்டம்தான். ஆனால் என் கணக்கு பலிக்கவில்லை. தனியாக ஆடும்போது புலியாக இருந்த அக்கா, மச்சானோடு ஆடும்போது ஒகேனக்கலில் கோட்டை விட்டாள். நல்ல பாறையாகப் பார்த்து நின்றுவிடுவாள். மேலே வரமாட்டாள். மச்சானும் ஏறாமல் அவளுக்காக நின்று, உருண்டு வரும் கல்லில் அடிபட்டுச் சாவார். மறுபடி காடு, மறுபடி குகை. எனக்கு அழுகையே வரும்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுக் கழுவிக்கொண்டே அக்கா என்னைக் கேட்டாள். "தோத்துப்போனா அவரு மூஞ்சி எப்படி இருக்குது?"

"எப்படி இருக்கும்? இருக்கிற மாதிரிதான் இருக்கும்."

"பல்லக் கடிக்கிறாரா? கட்டைய வீசுறாரா? மாமா மாதிரி கத்துறாரா?"

"சிரிக்கிறாரு. அவருக்கு ஆடவே தெரியல" என்றேன் எரிச்சலாக. "நீயும் அப்படித்தான் ஆடுற. நீங்க ரெண்டு பேரும் சேந்தா எதுவுமே வெளங்காது."

அக்கா தட்டை இன்னொரு தடவை கழுவினாள். அது ஏற்கெனவே கழுவிய தட்டு.

மச்சானின் விடுமுறை முடியப் போகும் வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு மாமாவும் மாமியும் பதில் கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அக்காவைப் போட்டுத் தாளித்தார்கள். "வேணாம்னாவது சொல்லித் தொலையேன்டி! உங்க அத்தா ரெண்டு பக்கமும் முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு." அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் என்பது அம்மாவுக்கும் தெரியும். மாமி வீட்டில் மாமி எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்த பெண் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். அந்த அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தவர், வெளியில் சிரிப்பவர், வீட்டுக்குள் எப்படி என்று யாரிடம் போய்க் கேட்பது?

வியாழக்கிழமை மத்தியானம் மச்சான் கடைசியாக ஆட வந்தார். அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. வோல்டேஜ் இறங்கவில்லை. காட்டில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. குகையை இருவரும் தண்ணீர் பட்ட பாடாகக் கடந்தார்கள். ஒகேனக்கலில் பாறைக்குப் பாறை சேர்ந்தே தாவினார்கள். உச்சி தெரிந்தது. நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது அக்காவின் சிப்பாய் நின்றுவிட்டான்.

திரையின் அடிவிளிம்பில், கடைசிப் பாறையில், வெட்டி வைத்த கட்டையாக நின்றான். இன்னும் ஒரே ஒரு தாவு. மச்சான் ஏறினால் பனிமலை. அக்காவின் ஆள் கீழே விழுந்து சாவான், அவ்வளவுதானே. மேலேயிருந்து கற்கள் வரத் தொடங்கின. மச்சானின் ஆள் ஒரு தடவை செத்து எழுந்தான். இன்னொரு தடவையும் செத்து எழுந்தான். நான் திரைச்சீலையை முழங்கையால் இடித்தேன். அசைவே இல்லை.

"ஏறுங்க மச்சான்! என் ஆளு செத்தாச் சாவட்டும், நீங்க ஏறுங்க!" என்று கத்தினேன்.

மச்சான் திரும்பவில்லை. "கீழ ஆளு நிக்கிதில்ல பாப்பா. வரட்டும்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."

அடுத்த கல் அவருடைய கடைசி உயிரையும் கொண்டு போயிற்று. அருவியில் இப்போது ஒரே ஒரு சிப்பாய். இனிமேலாவது அக்கா ஏறுவாள், அவளால் முடியும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, திரைச்சீலைக்கு அடியிலிருந்து கட்டை மெல்ல வெளியே வந்தது. அவள் அதை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். கொலுசுச் சத்தம் கேட்டது. நான் தலையணையை வீசிவிட்டுக் கட்டையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் தரையில் புரண்டு அழுதேன். பனிமலையைப் பார்க்காமலே சாகப் போகிறேன் என்று சொல்லி அழுததாக ஞாபகம். மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழாத. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவ இந்தப் பொட்டி எந்த வூட்டுல இருக்கும்?"

அவர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டார். "அத நான் சொல்ல முடியாது பாப்பா. இந்த வூடுதான் சொல்லணும்" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் போய் நின்றாள். "அத்தாவச் சரின்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள். அம்மா புளிக் கையோடு அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த வீட்டில் நல்லது கெட்டது எடுத்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை என்று தோன்றியது. "வேணாங்க்கா!" என்றேன். "அவருக்கு ஏறவே தெரியாது. மேல போறதுக்கு வழி இருந்தும் சும்மா நின்னு நின்னு சாவுறாருக்கா!"

அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்தபிறகும் நிற்கவில்லை. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அவள் கையைக் கடித்துவிட்டு ஓடினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியும் அக்காவோடு பொம்மிடிக்குப் போய்விட்டது. அவர்கள் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தனி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். மாமா அந்த வீட்டுக்கு வந்தால் காப்பி குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போவார். பின்னாளில் அங்கே எனக்குப் பனிமலையைக் காட்டியவள் அக்காதான். பார்க்கும்போது அது அப்படி ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை.

பெட்டி போன மறுநாள் உள் அறை வாசல் ஓரத்தில் என் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்காக ஒயரை நீட்டிக் கொடுத்த மச்சானை, அக்கா எனக்கில்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அழுகை வந்தது. என் இடத்துக்குப் பழைய ஒயரே எட்டும் என்பதும், மச்சான் டேப் சுற்றிச் சேர்த்த துண்டு முழுவதும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது என்பதும் அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.